தலைவர் கழுத்திலிருந்து ஒரு பாஸ்பேட்

தனக்கு உயிருக்கு உயிராகப் பிடித்த ஒன்றைப் பற்றி எவனும் மேடையேறிப் பேசக்கூடாது. பிடிக்காததைப் பேசுகிறவன் ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு பசியாறப் போய்விடுவான். பிடித்ததைப் பேசுகிறவன் கூட்டம் எழுந்து போனாலும், கூட்டத்துக்குள் கைகலப்பே மூண்டாலும், ஒலிவாங்கியை விடமாட்டான். நான் இந்த இரண்டாவது ரகம்.

எனக்குப் பிடித்தது ஒரு நொதி. பெயர் ஹெக்சோகைனேஸ். (சிரிக்க வேண்டாம். சிலருக்குக் காற்பந்துக் குழு பிடிக்கும், சிலருக்கு நடிகையைப் பிடிக்கும். எனக்கு இது வாய்த்தது.) அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. குளுவாங்கில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று அளக்கும் எங்கள் இயந்திரத்துக்கு ஊற்றும் கலவையில் இருந்தது இந்த ஹெக்சோகைனேஸ்தான். அதே சரக்கு நம் உடம்பில் ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் இருக்கிறது. அதற்கு ஒரே வேலை. ரத்தத்திலிருந்து செல்லுக்குள் நுழைந்த குளுக்கோஸின் மேல் ஒரு பாஸ்பேட்டை மாட்டிவிடுவது. மாட்டிய பிறகு குளுக்கோஸ் வந்த வழியே திரும்பிப் போக முடியாது. உள்ளேயே இருந்து எரிந்து நமக்குத் தெம்பு கொடுக்க வேண்டியதுதான். அந்தப் பாஸ்பேட்டை நொதி தன் வீட்டிலிருந்து எடுத்து வருவதில்லை. பக்கத்தில் மூன்று பாஸ்பேட்டுடன் மிடுக்காக நிற்கும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறிடமிருந்து ஒன்றை உருவி இங்கே மாட்டும். அங்கே மூன்று இரண்டாகும்.

எவ்வளவு நேர்த்தியான காரியம் என்று பாருங்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்த்ததை எல்லாரிடமும் சொன்னேன். கூட வேலை செய்த ஃபாரா என்ற மலாய்ப் பெண், மதிய உணவின்போது நான் வாயைத் திறந்தாலே தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவாள்.

இந்த நிலையில்தான் கலா அக்கா தொலைபேசியில் அழைத்தாள். என் ஒரே அக்கா. கோத்தா திங்கியிலிருந்து ரெங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். அவள் மாமனார் கோவிந்தசாமி லாரி வைத்து முன்னுக்கு வந்தவர், அந்த ஊர்க் கோயிலின் தலைவர். நானும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

"தம்பி, கோயில்ல இனிப்பு நீர் முகாம் வெக்கிறாங்க. ரத்தத்துல சர்க்கர எவ்ளோன்னு டெஸ்ட் பண்றதுக்கு உங்க லேப்ல ஆள் வேணுமாம். அப்படியே தமிழ்ல பேசறதுக்கும் ஒருத்தர் வேணுமாம். நான் உன்னச் சொல்லிட்டேன்."

"என்ன பேசணும்?"

"இனிப்பக் குறைங்க, தினமும் நடங்க, மருந்த ஒழுங்கா சாப்பிடுங்க. பத்து நிமிஷம். பேசிட்டு எறங்கிடு. வேற ஒண்ணும் பேசாத."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு அவள் சொன்னதுதான் முக்கியம். "இங்க எங்க மாமியார் எதுக்கெடுத்தாலும், வெள்ளத்துல மெத்தைய தூக்கிட்டு ஓடுற ஊருக்காரங்கன்னுதான் நம்மளச் சொல்வாங்க. நம்ம வீட்டுலயும் படிச்சவன் இருக்கான்னு அவங்க பாக்கட்டும். மானத்தக் காப்பாத்து."

மானத்தைக் காப்பாற்றுவது என்றால் இனிப்பைக் குறையுங்கள் என்று சொல்வதா? அதைத்தான் எல்லாரும் சொல்கிறார்களே. நான் தீர்மானித்துவிட்டேன். ரெங்கம் மக்களுக்கு ஹெக்சோகைனேஸைப் புரியவைக்காமல் அந்த மேடையிலிருந்து இறங்குவதில்லை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. என் தமிழ், தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றுபோன தமிழ். அதற்குப் பிறகு அறிவியலெல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான். செல், நொதி, மூலக்கூறு, வினை என்று ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பிடித்துக் குளியலறைக் கண்ணாடி முன் நின்று பழகினேன். வாடகை வீட்டில் கூட இருந்த பையன்கள் நான் காதல் வசனம் பழகுவதாக நினைத்து, பெண் யார் என்று கேட்டார்கள். ஹெக்சோகைனேஸ் என்றேன். அதன் பிறகு கேட்கவில்லை.

முகாமுக்கு முதல் நாள் மாலையே ரெங்கத்துக்குப் போய்விட்டேன். அக்கா சோறு போட்டுக்கொண்டே எச்சரித்தாள்.

"நாளைக்கு முன் வரிசையில வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, கையக் கட்டிக்கிட்டு ஒருத்தர் உக்காந்திருப்பாரு. பேரு ராமையா. அவருக்கும் எங்க மாமாவுக்கும் பேச்சு வார்த்த கிடையாது. அவர்கிட்ட எதுவும் வெச்சிக்காத."

ராமையா முன்பு அதே கோயிலின் தலைவராக இருந்தவர். இருவரும் ஒரே லாரியில் மாறி மாறி ஓட்டித் தொழில் தொடங்கிய நண்பர்கள். கோயில் தேர்தலில் மாமா நின்று ஜெயித்துவிட்டார். அடுத்து வந்த திருவிழாவில் முன்னாள் தலைவரை மேடைக்குக் கூப்பிட்டு மாலை போட மறந்துவிட்டார்கள். (மறந்தார்களா, மறக்க வைத்தார்களா என்பது இன்னமும் விசாரணையில் இருக்கிறது.) ராமையா எழுந்து நின்று, இந்த நிர்வாகத்தின் மாலைக்கு என் கழுத்து குனியாது என்று சொல்லிவிட்டார். மாமா ஒலிபெருக்கியிலேயே, நான் தலைவராக இருக்கும்வரை அந்தக் கழுத்துக்கு ஒரு பூ கூடப் போகாது என்று பதில் சொன்னார். அன்றிலிருந்து பல வருடங்களாக ராமையா ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தவறாமல் வந்து, முன் வரிசையில் உட்கார்ந்து, குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவையும் அக்கா விவரமாகச் சொல்லியிருக்கிறாள். நான் கோழிக்காலைக் கடித்தபடி "ம்" கொட்டியிருக்கிறேன். மனதுக்குள் வினையூக்கி, வினையூக்கி என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்ததால் ஒரு வார்த்தை உள்ளே போகவில்லை.

மறுநாள் ஞாயிறு. காலைப் பூசை முடிந்ததும் மண்டபம் நிறைந்துவிட்டது. வெறும் வயிற்றோடு வரச்சொல்லி அறிவித்திருந்தார்கள். ஆனால் மகளிர் பிரிவினர் வழக்கப்படி வாசலிலேயே கேசரியும் இனிப்பான டின் பால் ஊற்றிய தேநீரும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இனிப்பு நீர் முகாமுக்கு வந்தவர்கள் ஆளுக்கு இரண்டு கரண்டி கேசரி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மண்டபத்தின் பின்பக்கம், கதவை ஒட்டி ஒரு மேசை போட்டு, விரலில் குத்திப் பார்க்கும் கருவிகளோடு ஃபாரா உட்கார்ந்திருந்தாள். தட்டுகளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் கண்டுகொள்ளவில்லை. எனக்கு என் கவலை. என் மடிக்கணினியும் கோயிலின் ப்ரொஜெக்டரும் ஒன்றையொன்று அடையாளம் தெரியாததுபோல் நடந்துகொண்டன. கேபிள் பொருந்தவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்த படங்கள் அத்தனையும் பெட்டிக்குள்ளேயே தங்கிவிட்டன.

மேடையில் முதலில் மரியாதை நடந்தது. தலைவருக்கு இளைஞர் பிரிவின் சார்பில் ஒரு மாலை, மகளிர் பிரிவின் சார்பில் ஒரு மாலை, கடைசியாக நிர்வாகத்தின் சார்பில் ஒரு மாலை. மற்ற ஊர்களில் மாலை விழுந்ததும் கழற்றி மேசையில் வைத்துவிடுவார்கள். மாமா கழற்ற மாட்டார். புகைப்படம் எடுத்து முடியும்வரை, அதாவது நிகழ்ச்சி முடியும்வரை, அப்படியே உட்கார்ந்திருப்பார். ரோஜாவும் சாமந்தியுமாக மூன்று மாலைகளுக்கு மேலே அவர் தலை மட்டும் தெரிந்தது.

என்னைப் பேச அழைத்தார்கள். எடுத்ததுமே ஆரம்பித்தேன்.

"பெரியோர்களே, நம் உடலில் ஒரு நொதி இருக்கிறது."

இரண்டாவது வரிசையில் ஒரு பெரியம்மா பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். "எந்த நதியாம்?"

"கோத்தா திங்கிக்காரப் பையன் லா. அங்க ஆறு ஒடைஞ்சிருக்கும்."

"நதி இல்லங்க, நொதி," என்றேன். "அதன் பெயர் ஹெக்சோகைனேஸ்."

"சைனீஸா? எந்தச் சைனீஸ்?"

"டவுன்ல மருந்துக்கடை வெச்சிருக்கானே, அவனா இருக்கும்."

இந்த இடத்தில் புத்தியுள்ளவன், இனிப்பைக் குறையுங்கள், தினமும் நடங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கியிருப்பான். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்து அதைத்தான் சொன்னாள். மெதுவாகப் பேசச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, அதே விஷயத்தை இன்னும் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். மூலக்கூறு என்றேன். வினையூக்கி என்றேன். கொட்டாவிகள் முன் வரிசையில் தொடங்கிப் பின்வரிசைவரை அலையாகப் போய்த் திரும்பின.

படம் இல்லாமல் நடக்காது என்று புரிந்தது. படத்துக்கு எங்கே போவது? சுற்றும் முற்றும் பார்த்தேன். மேடையில் தலைவர். அவர் கழுத்தில் மூன்று மாலைகள்.

மூன்று.

என் உடம்பு சிலிர்த்துவிட்டது. மூன்று பாஸ்பேட்டோடு மிடுக்காக உட்கார்ந்திருக்கும் ஏ.டி.பி.யை இத்தனை நேரம் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, படமில்லை என்று கலங்கியிருக்கிறேனே.

"எல்லாரும் இங்க பாருங்க. இப்ப நான்தான் அந்த நொதி," என்று சொல்லிவிட்டுத் தலைவரிடம் போனேன். "மாமா, ஒரு நிமிஷம்."

படம் எடுக்க வருகிறேன் என்று நினைத்து மாமா சட்டையைச் சரிசெய்துகொண்டு கழுத்தைக் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தார். இருந்ததிலேயே வெளியே தெரிந்த பெரிய ரோஜா மாலையை உருவினேன். (வெளியோரத்து பாஸ்பேட்தான் கழலும். நான் விதியை மீறவில்லை. ஆனால் அதுதான் நிர்வாகத்தின் மாலை.) உருவிய மாலையோடு மேடையை விட்டு இறங்கினேன். குளுக்கோஸ் வேண்டும். முன் வரிசையில் நடுநாயகமாக வெள்ளைச் சட்டையில், கையைக் கட்டிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். குளுக்கோஸும் வெள்ளைதானே.

அவர் கழுத்தில் மாலையைப் போட்டேன்.

மண்டபம் முழுவதும் கொட்டாவி நின்றது. கேசரித் தட்டுகள் பாதி வழியில் நின்றன. அத்தனை கண்களும் விரிந்து எங்களையே பார்த்தன. என் வாழ்நாளில் ஒரு கூட்டத்தை அப்படிக் கட்டிப்போட்டதில்லை. அறிவியலைச் சரியாகச் சொன்னால் மக்கள் கேட்பார்கள் என்று நான் எப்போதும் நம்பியது வீண்போகவில்லை என்று நினைத்தேன். அக்காவைப் பார்த்தேன். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தேன்.

"இப்ப இவருக்கு பாஸ்பேட் மாட்டியாச்சு," என்று தொடர்ந்தேன்.

ராமையா எழுந்தார். யாரையும் பார்க்காமல் பின்பக்கக் கதவை நோக்கி விறுவிறுவென்று நடந்தார். இது என் விளக்கத்துக்கு நேர் விரோதம். பாஸ்பேட் மாட்டிய குளுக்கோஸ் வெளியே போகக்கூடாது. அவரைப் போகவிட்டால் ரெங்கம் மக்கள் தப்பாகப் படித்துவிடுவார்கள். ஒலிவாங்கியோடு ஓடிப் போய்க் கதவுக்கு முன்னால் கைகளை விரித்து நின்றேன்.

"தம்பி, வழிய விடு," என்றார் ராமையா.

"ஐயா, நீங்க போக முடியாது."

"யாரு சொன்னா?"

"நீங்க செல்லுக்குள்ள இருக்கீங்க. வெளிய வரமுடியாது."

"செல்லுக்குள்ள வெக்கிறதுக்கு நான் என்னா திருடிட்டேனா? போலீஸ் கூப்பிட்டிருக்கானா ஒன் தலைவரு?"

"அந்த செல் இல்ல ஐயா."

"மாலையப் புடி. எனக்கு வேணாம்," என்று கழற்றப் போனார்.

கையைப் பிடித்துக்கொண்டேன். "இங்க கழட்ட முடியாது ஐயா. அதுக்கு வேற நொதி வேணும். அது கல்லீரல்லதான் முக்கியமா இருக்கு. நாம இப்ப சதையில இருக்கோம்."

இந்த வாக்கியம் முழுவதும் ஒலிபெருக்கியில் போனது. அதற்குள் மேடையிலிருந்து மாமா இறங்கி வந்துவிட்டார். மிச்சமிருந்த இரண்டு மாலைகளும் நடக்க நடக்க முழங்காலில் தட்டின.

"அந்த மாலைய வாங்கு அவன்கிட்டேர்ந்து," என்றார் என்னிடம்.

மாலையை அப்போதே திருப்பிக் கொடுத்திருந்தால் பாதி மானமாவது மிஞ்சியிருக்கும். ஆனால் அந்த வினை ஒருவழிப் பாதை. திரும்பி ஓடாது. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

"அது திரும்ப வராது மாமா."

"என்னாது?"

"மூணுல ஒண்ணு போயிடுச்சு. நீங்க பழைய நெலமையில இல்ல."

மாமாவின் முகம் ரோஜாவின் நிறத்துக்கு வந்தது. "என்னைய பதவியிலேர்ந்து எறக்கிட்டியா?"

நிலைமையை விளக்க முயன்றேன். மூன்று பாஸ்பேட் இருந்தால் ஏ.டி.பி. ஒன்று போய் இரண்டானாலும், தமிழில் எழுதினால் அதுவும் ஏ.டி.பி.தான். (ஆங்கிலத்தில் எழுத்து மாறும். தமிழில் ஒரே மாதிரி வந்து நின்று மானத்தை வாங்கும்.) குழப்பம் வேண்டாமே என்று முழுப்பெயரின் நடுவில் எண்ணிக்கையைக் காட்டும் ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்தினேன்.

"பதவியெல்லாம் இல்ல மாமா. முன்னாடி நீங்க டிரை. இப்ப நீங்க டை. அவ்ளோதான்."

"நான் என்னா?"

"டை ஆயிட்டீங்க."

கோயில் மண்டபத்தில், அம்மன் சந்நிதிக்கு முன்னால், நூறு பேர் கேட்க, ஒலிபெருக்கியில், அக்காவின் மாமனாரைப் பார்த்துச் சொன்னேன். பெண்கள் பக்கத்தில் யாரோ பதறிப்போய் மலாயில் "அலமாக்" என்றார்கள். அக்காவின் மாமியார் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

முதலில் வாயைத் திறந்தது ராமையாதான். "டேய் பையா, பெரிய மனுஷன்கிட்ட என்னா பேச்சு பேசற," என்று என்னைத்தான் அதட்டினார்.

"நீ ஒண்ணும் எனக்காகப் பேச வேணாம்," என்றார் மாமா.

"ஒனக்காக யாரு பேசுனா?"

"மாலையக் குடு."

"நானா கேட்டேன்? போட்டுட்டான். கழட்டக்கூடாதாம். நீயே கேட்டல்ல."

"ராமையா, மரியாதையா சொல்றேன்."

பல வருடங்களுக்குப் பிறகு இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டார்கள். அதை அந்த நேரத்தில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. இளைஞர் பிரிவினர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்துகொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் ஃபாரா குறுக்கே வந்தாள். அவளுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. நான் என்ன செய்தேன் என்றும் தெரியாது. அவள் பார்த்ததெல்லாம் இதுதான்: மாலை போட்ட இரண்டு பெரியவர்கள் மேளதாளம் இல்லாத குறையாக அவள் மேசையை நோக்கி வந்து நிற்கிறார்கள். பரிசோதனையை முறைப்படி தொடக்கிவைக்க வந்திருக்கிறார்கள் என்று முடிவு செய்துவிட்டாள். எழுந்து நின்று, பணிவாகக் குனிந்து, "டுடுக், பக்சிக்," என்று இருவருக்கும் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அடுத்தவர் வீட்டுப் பெண் அவ்வளவு மரியாதையாக உட்காரச் சொல்லும்போது சண்டையைத் தொடர்வது எப்படி? இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் ராமையாவின் விரலைப் பிடித்துத் துடைத்துக் குத்திவிட்டாள். (அந்தக் கையடக்கக் கருவியில் இருப்பது வேறு நொதி. அதை விளக்க எனக்குச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை.)

கருவி பதினான்கு காட்டியது. (எங்கள் நாட்டு அளவில் ஆறுக்குள் இருந்தால் நல்லது.)

"பதினாலு," என்று மாமா எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படித்தார். "கோயிலுக்கு வந்து குத்தம் கண்டுபிடிக்கிறதுக்குத் தெம்பு எங்கேர்ந்து வருதுன்னு இப்பத்தான் தெரியுது. எல்லாம் சீனி."

"நீ காட்டு ஒன் விரல."

"எனக்கு எதுக்கு? எங்க வம்சத்துல எங்கண்ணனத் தவிர யாருக்கும் கிடையாது. நான் தெனம் நடக்கிறவன்."

"பயமா இருந்தா சொல்லு."

மாமா விரலை நீட்டினார். அதுவரை அவர் எந்த டாக்டரிடமும் விரலை நீட்டியதில்லை என்று அக்கா பிற்பாடு சொன்னாள். மகன் கெஞ்சியிருக்கிறார், மாமியார் சண்டை போட்டிருக்கிறார், எதற்கும் அசைந்ததில்லை. ராமையாவின் ஒரு சொல்லுக்கு நீட்டினார்.

பதினேழு.

நான் எண்ணைப் பார்த்தேன். கேசரியைக் கழித்துப் பார்த்தாலும் அது சாதாரண எண் இல்லை. மாமா கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூட்டம் சிரிக்கத் தயாராக இருந்தது. ராமையா முதலில் சிரிப்பார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"கோவிந்து," என்றார், மெதுவாக. "ஒங்க அண்ணனுக்குக் கால எடுத்தப்ப, ஆஸ்பத்திரியில ஒன்கூட நான்தான இருந்தேன்."

மாமா கழுத்தில் மிச்சமிருந்த இரண்டு மாலைகளையும் தானே கழற்றி மேசையில் வைத்தார். மாலை இல்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன். சின்ன ஆளாக இருந்தார்.

"நாளைக்குக் காலையில கிளினிக் போவணும்," என்றார் ராமையா. "என் காடியில வா."

"ஒன் காடியில நான் ஏற மாட்டேன்."

"அப்ப ஒன் காடியில என் பின்னாலயே வா."

மறுநாள் ரெங்கத்துச் சாலையில் இரண்டு கார்கள் ஒன்றன் பின் ஒன்றாகக் கிளினிக்குக்குப் போயின. முன்னால் போனது ராமையாவின் காடி என்பதில் மாமாவுக்கு வருத்தம்தான்.

அன்று மண்டபத்தில் அதற்குப் பிறகு நடந்தது எனக்கே நம்ப முடியாதது. தலைவரே விரல் நீட்டிவிட்டார் என்பதால் ஒருவர் பாக்கி இல்லாமல் வரிசையில் நின்றார்கள். ஃபாராவின் பெட்டியில் ஊசி தீர்ந்துபோனது. வரிசையில் நின்றவர்களிடம் நான் ஒலிவாங்கியில் மிச்ச விளக்கத்தையும் சொல்லி முடித்தேன். ஆமாம், முடித்தேன். கல்லீரலில் இருக்கும் குளுக்கோகைனேஸ் வரை போனேன். இளைஞர் பிரிவினர் பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள்.

வீட்டுக்குப் போனதும்தான் என் கதை தொடங்கியது. அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"நேத்து சோறு போட்டுக்கிட்டே படிச்சுப் படிச்சு சொன்னேனே. காதுல விழுந்துச்சா இல்லையா?"

"எதச் சொன்ன?"

அவள் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். நான் அதை எதிர்பார்க்கவில்லை. "மானத்தக் காப்பாத்துன்னு கேட்டேன், தம்பி. இந்த வீட்டுல நான் இருக்கணும்ல," என்றாள். என் உயிரான நொதியை அங்கேயே விட்டுவிட்டுத் தண்ணீர் மொண்டு அவளிடம் நீட்டினேன். அக்காவின் மாமியார் எனக்கு மட்டும் பார்சல் கட்டிக் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லவில்லை. எடுத்துக்கொண்டு போ என்று அர்த்தம். குளுவாங் போகும் வழியெல்லாம் இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவதுபோல இருந்தது.

ராமையா அந்த மாலையைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் வாசல் கேட்டில் தொங்கவிட்டார். காய்ந்து நாராகும்வரை அது அங்கேயே தொங்கியது. மாமா தினம் நடக்கப் போகும் பாதையில்தான் அந்த கேட் இருந்தது.

பல மாதங்கள் ரெங்கத்துப் பக்கமே போகவில்லை. அக்காவோடு தொலைபேசியில் மட்டும் பேசினேன். அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியானது. ஒருநாள் வேலை நேரத்தில் எங்கள் பரிசோதனைக் கூடத்தின் முன்வாசலில் மாமா வந்து நின்றார். நான் பின்பக்கமாகப் போய்விடலாமா என்று யோசிப்பதற்குள் பார்த்துவிட்டார்.

"ரத்தம் குடுக்க வந்தேன். நீயே பாரு."

எடுத்தேன். சட்டைக் கையை இறக்கிக்கொண்டே கேட்டார். "நேத்து ராமையா வந்தான்ல. அவனுக்கு எவ்ளோ?"

"மத்தவங்களோடத சொல்லக்கூடாது மாமா."

"உயிரோட இருக்கிறவங்ககிட்டதான் சொல்லக்கூடாது. நான்தான் டை ஆயிட்டேனே. சொல்லு."

நான் சொல்லவில்லை. ஆனால் அவர் சிரித்தார். தீபாவளிக்கு வந்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய அளவு ஏழுக்கு வந்திருந்தது. யார் முதலில் ஆறுக்கு வருவது என்று இருவருக்கும் போட்டியாம். அதை அவர்களே ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தலைவர் பதவிக்கு இன்னமும் எதிர்த்துத்தான் நிற்கிறார்கள். சண்டை ஓய்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சண்டையை நேரில் போட்டுக்கொள்கிறார்கள்.

எனக்குக் கிடைத்ததுதான் நிரந்தரம். ரெங்கத்தில் என் பெயர் யாருக்கும் தெரியாது. மாலை உருவி என்றால் தெரியும். என் கல்யாணத்தில் மாலை மாற்றும் நேரத்தில் மாமாவும் ராமையாவும் முன் வரிசையில் உட்கார்ந்து, அவரவர் கழுத்துப் பொன்னாடையைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். மண்டபமே சிரித்தது. என் மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் ஒன்பது பேர் அவளுக்குப் புரியவைத்துவிட்டார்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக.

போன மாதம் அக்கா மகள் யாழினி கைப்பேசியில் அழைத்தாள். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் உயிரியல் படிக்கிறாள். அன்று வகுப்பில் ஆசிரியை, குளுக்கோஸ் செல்லுக்குள் போனதும் முதலில் அதன் மேல் கைவைப்பது எது என்று கேட்டாராம். இவள் மட்டும் கையைத் தூக்கி, ஹெக்சோகைனேஸ், மூன்றில் ஒன்றை உருவி இதற்கு மாட்டும், மாட்டினால் திரும்ப வராது என்று மூச்சுவிடாமல் சொல்லியிருக்கிறாள். ஆசிரியைக்கு ஆச்சரியம். இந்தப் பாடத்துக்கே இன்னும் வரவில்லையே, உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறார்.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"என்னா மாமா சொல்றது? எங்க குடும்பத்துல அதுக்கு ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கு டீச்சர்னு சொன்னேன்."